கரிச்சான் அண்ட் அசோசியேட்ஸ்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாங்கம் பண்ணியதெல்லாம் முடிந்து, யார் வேண்டுமானாலும் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று ஆகிப்போன காலத்தில், சொக்கு என்றொரு கரிச்சான் குருவி இருந்தது. வால் நுனியில் ரெண்டு துடுப்பு தொங்குமே, அந்த வகை. இந்த வகைக்கு ஒரு வித்தை உண்டு. எந்தக் குரலை ஒரு தடவை கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிப் பேசிவிடும். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

அந்த வித்தையே முதலீடு. சொக்கு ஒரு தேக்கு மரப் பொந்தின் வாசலில் போர்டு மாட்டியது: 'கரிச்சான் அண்ட் அசோசியேட்ஸ். மக்கள் தொடர்பு மற்றும் விளம்பர ஆலோசகர்கள்.'

அசோசியேட்ஸ் என்று யாரும் கிடையாது.

ஆனால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளேயிருந்து ஒரு மைனா குழையும்: "வணக்கம். உங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து கிளையில் காத்திருக்கவும்." அடுத்து ஒரு கரடி இருமும். அது கணக்குப் பிரிவு. பிறகு ஓர் ஆந்தை நீளமாக "ம்ம்ம்" என்று யோசிக்கும். அது கிரியேட்டிவ் ஹெட். கடைசியில் எம்.டி. வெளியே வரும். எம்.டி. பேசுவது செம்போத்தின் குரலில். அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். கேட்டாலே கையெழுத்துப் போட்டுவிடலாம் போலிருக்கும். சொந்தக் குரலில் கடைசியாக எப்போது பேசினோம் என்று சொக்குவுக்கே ஞாபகமில்லை.

இதற்கு முன்னால் அது எருமை மந்தையில் வேலை பார்த்தது. பெரிய கம்பெனி. எருமை முதுகில் நின்று உண்ணி பொறுக்க வேண்டும். மேனேஜர் ஒரு கொக்கு, பெயர் சதாசிவம். எருமை வாலைச் சுழற்றி அடித்தால் அது நிர்வாகத்தின் முடிவு, காரணம் கேட்கக்கூடாது. ஒருநாள் அடி வாங்கிய சூட்டில், "இனிமே என் முதுகுல நானே நிப்பேன்!" என்று கத்திவிட்டு சொக்கு பறந்துவிட்டது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. நின்று பார்த்தபிறகுதான் கஷ்டம் புரிந்தது.

தினமும் காலையில் எருமை மேல் சவாரியாக சதாசிவம் அந்தப் பக்கம் வரும்.

"என்ன சொக்கு, அசோசியேட்ஸ் எல்லாம் சௌக்கியமா?"

"எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க சார்."

"நல்லது, நல்லது. வால் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு. சும்மா காதுல போட்டு வச்சேன்."

சதாசிவம் காதில் போட்டதற்குக் காரணம் இருந்தது. சொக்குவின் கம்பெனி நிலைமை சரியில்லை. வாடிக்கையாளர் என்று வந்ததே ரெண்டு பேர். முள்ளம்பன்றியின் 'அணைப்பு சிகிச்சை நிலையம்' முதல் நாளே மூடப்பட்டது. நத்தை தன் கூரியர் தொழிலை நிறுத்திவிட்டதாக அனுப்பிய தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் சிறுத்தை வந்தது. பெயர் வீரபாகு அண்ணாச்சி. ஒரு காலத்தில் பெயரைச் சொன்னால் காடே காலியாகும். இப்போது முழங்கால் போய்விட்டது. தேக்கு மரத்தடியில் 'உஸ்ஸ்' என்று உட்கார்ந்தது.

"தம்பி, என்னால இனிமே விரட்ட முடியாது. அவங்களா வரணும். நம்ம குளத்துல தண்ணி கெடக்கு, ஒரு மான் எட்டிப் பாக்க மாட்டேங்குது."

"அப்போ உங்க இமேஜ்லதான் பிரச்சனை அண்ணாச்சி. உங்க பிராண்டை ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"பசி."

"அதை 'வரவேற்பு'ன்னு வச்சுக்குவோம்," என்றது சொக்கு. "டீமோட கலந்து பேசிட்டு வந்துடறேன்."

உள்ளே போனது. ஆந்தை யோசித்தது, கரடி இருமியது, மைனா சிரித்தது. வெளியே அண்ணாச்சி மரியாதையாக வாலைச் சுருட்டிக்கொண்டது. "இவ்வளவு பேரா!" என்று வாய்விட்டே சொன்னது.

கூலியும் பேசப்பட்டது. அண்ணாச்சி அடிக்கிற இரையில் மொய்க்கிற ஈ அத்தனையும் கம்பெனிக்கு. யாருக்கு விளம்பரம், எதற்கு விளம்பரம் என்று சொக்கு யோசிக்காமல் இல்லை. யோசித்தது. அப்போது தூரத்தில் எருமை வாலை ஆட்டியது. யோசனை நின்றுவிட்டது.

வேலை மளமளவென்று நடந்தது. குளத்துக்கு 'வீரபாகு நீர்ச்சோலை' என்று பெயர். சின்னம், நகம் தெரியாத ஒரு பாதம். அண்ணாச்சியின் வாயில் தாமரை மொட்டு வைத்து ஒரு போட்டோ. எடுத்து முடிப்பதற்குள் அண்ணாச்சிக்கு ரெண்டு தடவை குமட்டியது. ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம், வாடிக்கையாளர் அனுபவம். வந்து போன மான் ஒன்று, தானே வாய் திறந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வந்து போன மான் என்று எதுவும் இல்லாததால் சொக்கு தன் ஞாபகத்திலிருந்து ஒரு குரலை எடுத்தது. போன மழையில் ஆற்றங்கரையில் கேட்ட இளம் மான் குரல். வெள்ளி மணி மாதிரி இருக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார், இப்போது எங்கே என்று விசாரிக்கிற வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை.

ஒத்திகை கேட்டு அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டியது. "ரொம்ப நல்ல குரல் தம்பி. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு."

கிளைக்குக் கிளை தாவி சொக்கு ஒலிபரப்பியது: "நானும் முதல்ல பயந்தேனுங்க! இப்போ இங்கதான் இருக்கேன், ரொம்ப சௌக்கியமா இருக்கேன்! நீங்களும் குடும்பத்தோட வாங்க!"

திறப்பு விழா அன்று சாயங்காலம் மான் கூட்டமே வந்துவிட்டது. அண்ணாச்சி 'உரிமையாளர் அறை' என்று எழுதிய புதருக்குள் பதுங்கியது. மேலே கிளையில் சொக்குவுக்கு ஒரே பெருமை. இப்படி ஒரு கூட்டத்தை எந்தப் பெரிய கம்பெனி கூட்டியிருக்கிறது?

கூட்டத்தின் முன்னால் ஒரு கிழட்டு மான் தட்டுத் தடுமாறி ஓடிவந்தது. "அல்லி! அடியே அல்லி! அம்மா வந்துட்டேன்டி!"

"யாருங்க அது?" என்று சொக்கு எம்.டி. குரலில், கீழே நின்ற கலைமானைக் கேட்டது.

"பொன்னுத்தாயி அக்கா. போன மழையில இவங்க பொண்ணு காணாமப் போச்சு. இப்போ அந்தப் பொண்ணே இங்க சௌக்கியமா இருக்கேன்னு சொல்லுது. அதுக்கப்புறம் இவங்க கால் தரையில நிக்கல. நாங்களும் கூடவே வந்துட்டோம்."

புதருக்குள்ளிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் மேலே வந்தது. "அடடே, இப்போ ஞாபகம் வந்துட்டு தம்பி! அந்தப் பிள்ளைதானா? ஆத்தங்கரையில. நல்ல இளசு."

சொக்குவின் வால் துடுப்பு ரெண்டும் அப்படியே நின்றுவிட்டன. ஒரு பக்கம் ஈ. ஒரு பக்கம் எருமை வால். நடுவில் "அல்லி, அல்லி" என்று புதரை நோக்கிப் போகிற கிழவி. சொக்கு வாயைத் திறந்தது. எந்தக் குரல் என்று யோசிக்க நேரமில்லாமல் சொந்தக் குரலே வந்துவிட்டது. துருப்பிடித்த கீல் மாதிரி.

"ஓடுங்க! புதர்ல சிறுத்தை!"

மான்கள் அண்ணாந்து பார்த்தன. "யாருப்பா நீ?"

"நான்தான் கரிச்சான் அண்ட் அசோசியேட்ஸ் எம்.டி.!"

"யாருகிட்ட விடுற? எம்.டி. குரல் எங்களுக்குத் தெரியாதா? நீ போட்டிக் கம்பெனிக்காரனா இருப்பே. ஓடிப் போயிரு!"

சொக்கு அவசரமாகச் செம்போத்துக் குரலுக்கு மாறியது. "பொதுமக்கள் கவனத்திற்கு—"

"ஆங், இவருதான் எம்.டி.! உக்காருங்க, உக்காருங்க, புதுசா ஏதோ அறிவிக்கப் போறாரு." கூட்டம் வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்தது.

வேறு வழியில்லை. சொக்கு நெஞ்சு வெடிக்க, அண்ணாச்சியின் குரலில், அந்தப் பழைய காலத்துக் குரலில், ஒரு உறுமல் உறுமியது.

குளக்கரை காலி. பொன்னுத்தாயி மட்டும் போகவில்லை. "என் பொண்ணு இல்லாம நான் வர மாட்டேன்," என்று புதருக்கு எதிரே நின்றது. புதர் அசைந்தது.

"அம்மா, ஓடு!" என்றது வெள்ளி மணிக் குரல்.

பொன்னுத்தாயி ஓடியது. பாய்ந்த அண்ணாச்சி தாமரை மொட்டுகளுக்கு நடுவே போய் விழுந்தது.

"நான் உறுமவே இல்லையே! யார் உறுமினது?"

"சவுண்ட் சிஸ்டத்தில் கோளாறு," என்றது கணக்குப் பிரிவுக் கரடி.

"உன் டீம்ல ஒருத்தனுக்கும் வேலை தெரியல!" என்று அண்ணாச்சி நொண்டிக்கொண்டே போய்விட்டது.

மறுநாள் காலை சொக்கு போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தது. கீழே எருமை நின்றது. சதாசிவம் பெருந்தன்மையாக வால் பக்கம் கழுத்தை நீட்டிக் காட்டியது. பொய் சொன்ன குருவி ஒரே ஒரு முறை உண்மை பேசி, பல உயிரைக் காத்து, கடைசியில் பழைய வேலைக்கே போனது என்று இதோடு நிறுத்தினால் பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடுவார்கள்.

ஆனால் அப்போது பொன்னுத்தாயி வந்தது. பின்னாலேயே மொத்த மான் கூட்டமும் வந்தது.

"எம்.டி. ஐயா இருக்காருங்களா? என் பொண்ணு அல்லி உங்ககிட்டதான் வேலை பாக்குறாளாமே! விளம்பரம் பூரா அவ குரல்தானே. நேத்துகூட பாருங்க, அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் அம்மாவை மறக்கல."

கலைமான் முன்னால் வந்தது. "அல்லி கத்தினதை அக்கா சொன்னாங்க. வாடிக்கையாளரே ஆனாலும் சிறுத்தைன்னா காட்டிக்கொடுக்கிற கம்பெனி! இனிமே எங்க விளம்பரம் எல்லாம் நீங்கதான். நாங்க மேயும்போது கிளம்புற பூச்சி அத்தனையும் உங்களுக்கு."

சதாசிவத்தின் கழுத்து நீண்டுகொண்டே போனது.

சொக்குவின் தொண்டை வரை அந்தத் துருப்பிடித்த குரல் வந்தது. உண்மையும் கூடவே வந்தது. பொன்னுத்தாயி கண்ணை இமைக்காமல் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

சொக்கு பொந்துக்குள் போனது. மைனா காத்திருக்கச் சொன்னது. கரடி இருமியது. ஆந்தை வழக்கத்தைவிட நீளமாக யோசித்தது.

"அம்மா," என்றது வெள்ளி மணி. "மீட்டிங்ல இருக்கேம்மா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்டி தங்கம், சாப்பிட்டேன். நீ வேலையைப் பாரு. நான் நாளைக்கு வரேன்."

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இன்றைக்கும் வருகிறது. போர்டு பழைய இடத்திலேயே தொங்குகிறது. அன்று எல்லோரும் போனபிறகு சதாசிவம் எருமையிலிருந்து இறங்கி, பொந்துப் பக்கம் மெதுவாகக் குனிந்து, "தம்பி, உங்க கம்பெனியில ஆள் எடுக்கறீங்களா?" என்று கேட்டதாகவும் பேச்சு.

நீதி: கம்பெனி நடத்துகிறவர்கள் செத்தவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. லீவு கேட்கமாட்டார்கள், போட்டிக் கம்பெனிக்கு ஓடமாட்டார்கள். அவர்களுடைய அம்மா வரும் நேரத்தில் மட்டும் முதலாளி பொந்தைவிட்டு வெளியே வரக்கூடாது.