கடைசி வீட்டுக்கு வரும் ஆள்

பைக் ஓட்டுகிறவர்கள் போடும் அந்த ஜாக்கெட்டின் தோள் கற்பகத்தின் தோளைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கைகள் விரல்நுனி வரை வந்தன. மார்பில் மட்டும் இறுக்கிப் பிடித்தது.

“லேடீஸ் அளவு இல்லையாண்ணே?”

“வராதும்மா. பின்னால உக்காந்து போறவங்களுக்கு எதுக்குன்னு கம்பெனிக்காரன் அனுப்புறதில்ல” என்றார் கம்பத்துக் கடைக்காரர்.

“நான் முன்னால உக்காந்து ஓட்டுறவ.”

அவர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “அப்ப சாருக்கு எடுக்கிறதா நெனச்சு எடுத்துக்கங்க. போட்டா ஒண்ணும் தப்பாத் தெரியாது.”

தப்பாகத்தான் தெரிந்தது.

கற்பகத்துக்குக் குமுளியில் ஒரு மசாலாக் கடையில் மேற்பார்வை வேலை. புருஷன் ஈஸ்வரன் சவூதிக்கு டிரைவராகப் போனபோது விட்டுப்போன பைக்கில்தான் போய் வருவாள். வண்டிப்பெரியாறு போகும் வழியில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் வரிசை வீடுகளெல்லாம் முடிந்து, கொஞ்சம் தள்ளி ஒற்றையாக நிற்பது அவள் வீடு. போன மழையில் ஒரு வளைவில் வண்டி சறுக்கி முழங்கையில் தோல் வழன்றுவிட்டது. தேனியில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் கிருத்திகா போனிலேயே அழுதாள். “நீ ஜாக்கெட் வாங்குற வரைக்கும் நான் ஊருக்கு வரமாட்டேம்மா.”

ஆகவே வாங்கினாள். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டித் தகடு வைத்த கறுப்பு ஜாக்கெட். முட்டிக்கு உறை, கைக்கு உறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முகம் மொத்தத்தையும் மறைக்கும் ஹெல்மெட்.

முதல் நாள் சாயங்காலம் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு பனிக்குள் வந்தாள். ஜங்ஷன் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் உரசுகிறாற்போல் வந்து ஹாரன் அடிக்கும் ஜீப்புக்காரன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் என்ன நடந்தது என்று அவளுக்கு உறைத்தது. யார் கண்ணும் மேலே படாமல் ஒரு சாலையைக் கடந்து வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் தோளைக் குறுக்கிக்கொண்டு வண்டி ஓட்டியது அப்போதுதான் தெரிந்தது. கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஜாக்கெட்டைக் கழற்ற மனம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் யூனியன் கன்வீனர் பாண்டித்துரை வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கனைத்தார்.

“தங்கச்சி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. கறுப்புக் கோட்டு, ஹெல்மெட்டு, பூட்ஸு. நல்ல வாட்டசாட்டமான ஆளாம். பொழுது சாய உன் வீட்டுக்குள்ள போறவன் விடிஞ்சுதான் வெளிய வர்றான்னு சொல்றாக.”

“அண்ணே, அது நான்தான்.”

பாண்டித்துரை வருத்தத்தோடு தலையாட்டினார். “பொய் சொல்லலாம்மா, அதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீ எம்புட்டு இருக்க, அவன் எம்புட்டு இருக்கான்?”

“யாரு பாத்தது?”

“சின்னத்தாயி. ரெண்டு கண்ணாலயும் பாத்திருக்கா.”

கற்பகத்துக்குச் சுருக்கென்றது. சின்னத்தாயி லயத்தின் கடைசிக் குடித்தனக்காரி. கொழுந்து எடுக்கிறவள். புளி தீர்ந்தால் அவள் இங்கே வருவாள், உப்பு தீர்ந்தால் இவள் அங்கே போவாள். மறுநாள் குழாயடியில் கற்பகம் அவள் பக்கமே திரும்பவில்லை. சின்னத்தாயியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சரி, ஜாக்கெட்டோடு வந்தால்தானே வம்பு? அன்று ஜங்ஷனிலேயே கழற்றிப் பின்சீட்டில் கட்டி, குளிரில் பல் கிட்ட வீடு வந்தாள்.

“ஆளு வரலை, சட்டை மட்டும் வருது” என்றது லயம். “தொவைக்கப் போட்டிருப்பான்.”

மறைப்பதால்தான் சந்தேகம் என்று தோன்றியது. ஜாக்கெட் தன்னுடையதுதான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை அதை வாசல் கொடியிலேயே காயப்போட்டாள். தகடு வைத்த தோளோடு அது தலையில்லாத ஒரு ஆள் போலக் காற்றில் ஆடியது.

“இப்ப குடும்பமே நடத்துறாக” என்றது லயம்.

அடுத்ததாகத் தன் சிவப்புத் துப்பட்டாவை ஜாக்கெட்டின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டில் ஒரு முழம் கதம்பமும் சுற்றிக்கொண்டு ஓட்டினாள். இனி ஆம்பளை என்று எவன் சொல்வான்? எல்லாரும் சொல்லத்தான் செய்தார்கள். அவள் துப்பட்டாவையே கட்டிக்கொண்டு, பூவும் வாங்கிக்கொண்டு வருகிறானே, எவ்வளவு பிரியமாக இருப்பான் என்று சில பெண்கள் பெருமூச்சுகூட விட்டார்கள்.

யாரோ படம் எடுத்து சவூதிக்கு அனுப்பிவிட்டார்கள். வீடியோவில் வந்த ஈஸ்வரனின் முகம் கறுத்துக் கிடந்தது.

“யாருடி அவன்?”

“யாரு?”

“என்னையவிட ஒசரமா இருக்கான். எங்க இருந்து பிடிச்ச? கருமம், ஓட்டுறதும் என் வண்டி!”

கற்பகம் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முட்டி உறை, பூட்ஸ், ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

“திரும்பு” என்றான் ஈஸ்வரன். திரும்பினாள்.

“அடிப்பாவி!” பிறகு அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. “எங்கயோ விழுந்துதான இதெல்லாம் வாங்குன? ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா வண்டிய வித்துரச் சொல்லியிருப்பீக.”

அவன் மறுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்குக் காட்டுன மாதிரி ஊருக்கும் காட்டிரு” என்றான்.

அதுதான் சரி என்று பட்டது. மறு ஞாயிறு மாரியம்மன் கோயில் மைதானத்தில், பாண்டித்துரையை முன்னால் நிறுத்தி, லயமே கூடி நிற்க, கற்பகம் சுடிதாரில் வந்து நின்றாள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். தோள் அகன்றது. முதுகு நிமிர்ந்தது. முழங்கை தடித்தது. ஹெல்மெட் ஏறியதும் கூட்டம் “ஓ” என்றது. லயம் பேசிய ஆள் எதிரே நின்றான்.

பாண்டித்துரை அந்தத் தோளைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. “இம்புட்டு நாளா இந்தத் தகட்டுக்கா மரியாதை குடுத்தோம்?” என்றார் வெட்கத்தோடு.

கற்பகம் வண்டியைக் கிளப்பி மைதானத்தை ஒரு சுற்று வந்தாள். லயம் சிரித்தது, கைதட்டியது. ஜங்ஷன் பெஞ்சுக்காரர்கள், ஜீப்புக்காரன், எஸ்டேட்டுக்கு மரம் வெட்ட வந்தவர்கள் என்று வேடிக்கை பார்க்க வந்த எல்லோரும் சிரித்தார்கள். “அடேங்கப்பா, நம்ம கற்பகமா!” என்று ஜீப்புக்காரன் ஹாரனை நீளமாக அழுத்தினான். அவளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் பழையபடி கேட்டது. பரவாயில்லை, பேர் மீண்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

சிரிக்காமல் நின்றவள் சின்னத்தாயி ஒருத்திதான்.

வெயில் தாழ அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய புதுப் பூட்டு.

“இப்பவாவது நம்புனியா அது நான்தான்னு?” என்றாள் கற்பகம், வாசலை மறித்தபடி.

“நம்புறதென்ன, மொத நாளே தெரியும். செருப்ப ஓரமாக் கழட்டுற மாதிரி அந்தப் பூட்ஸையும் குனிஞ்சு ஓரமா வச்சியே, எந்த ஆம்பள வப்பான்?”

“தெரிஞ்சுக்கிட்டேவா என் பேரக் கெடுத்த?”

சின்னத்தாயி பூட்டை அவள் கையில் திணித்தாள்.

“மரம் வெட்ட வந்தவன்ல ரெண்டு பேரு, அந்த ஒத்த வீட்டுல யாரு இருக்கான்னு எங்கிட்ட விசாரிச்சானுக, வாட்டசாட்டமா ஒரு ஆம்பள இருக்கான்னு சொல்லி நான் காப்பாத்தி வச்சிருந்தேன், நீ இன்னைக்கு ஊரக் கூட்டி நிறுத்தி அவனைக் கொன்னு போட்டுட்டியேடி.”