வாளி மேஸ்திரியும் மானேஜரின் மீசையும்

தீக்கு வாளி மேஸ்திரியைப் போலப் பயந்த மனிதர் ஈரேழு உலகத்திலும் கிடையாது. என் கல்யாணத்துக்கு எல்லோரும் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். இவர் ஒரு வாளி மணலோடு வந்து, அதைக் குத்துவிளக்கின் பக்கத்தில் வைத்த பிறகே பந்தியில் உட்கார்ந்தார்.

குளச்சலில் பனந்தும்பு, அதாவது பனைநார், கம்பெனி ஒன்றில் அவர் பிரஸ் ஓட்டினார். நான் சிப்பங்களில் மையால் எழுத்துப் போட்டேன். குழாய்க்குள் தண்ணீரை அமுக்கி, அந்த வேகத்தில் தும்பை இறுக்கிக் கட்டுகிற பிரஸ் அது. பக்கத்திலேயே நாற்பது பெண்கள் தும்பு கோதுவார்கள். தலைக்கு மேலே அரிக்கேன் விளக்குகள் தொங்கும்.

புதிதாக வந்த மானேஜருக்குத் துரு என்றால் ஆகாது. இனிமேல் குழாயில் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் ஊற்று என்றார்.

மேஸ்திரி பதறினார். "குழாயில ஊசித் தொளை விழுந்தா வெள்ளம் நம்மள நனைக்கும், அவ்வளவுதான். எண்ணெ பொகையாட்டு சீறி விளக்கில பட்டா பத்திக்கிடும். இத்தன பொம்பளைகளும் எங்க ஓடுவாளுவ அய்யா?"

மானேஜர் ஒரு கிண்ணம் எண்ணெயில் எரிகிற தீக்குச்சியைப் போட்டார். அது அணைந்தது. "எங்கவே பத்துது?" என்று மீசையை முறுக்கினார். மேஸ்திரி அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எண்ணெய் ஊற்றும் நாளில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேஸ்திரி பன்னீர்ச் செம்போடு நின்றார். ஆள் வழிக்கு வந்துவிட்டான் என்று மானேஜர் பூரித்துப்போய்ப் பக்கத்தில் வந்தார். மேஸ்திரி செம்பை விளக்கின் மேல் ஒரே உதறு உதறினார். குப்பென்று எழுந்த தீ மானேஜரின் இடப்பக்க மீசையை நலம் விசாரித்துவிட்டுப் போனது. அடுத்த நொடி ஒரு வாளி மணல் அவர் முகத்தில் விழுந்தது.

"உள்ள இருந்தது உங்க எண்ணெதான் அய்யா, சூடாக்கினது. கிண்ணத்தில கெடந்தா சாது. தூவினா இப்படி!"

"வெளியே போடா!"

மறுநாள் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "மேஸ்திரி வராம ஒருத்தியும் உள்ள கேறமாட்டோம்." உச்சிவேளை வரை பொறுத்துப் பார்த்த மானேஜர், அரை மீசையைத் தடவிக்கொண்டே, பிரஸ்ஸுக்குத் தண்ணீரே போதும், அவரைக் கூட்டி வா என்று என்னை அனுப்பினார்.

"வாறேன் மக்கா," என்றார் மேஸ்திரி. "மீசை கொஞ்சம் வளரட்டும். இப்பம் அந்த மூஞ்சியப் பாத்தா சிரிச்சிருவேன். வேலை திரும்பவும் போயிரும்."

மேஸ்திரி காலமாகி வருஷமாகிறது. கல்யாணத்துக்கு வந்த அந்த வாளி எங்கள் வீட்டு விளக்கடியில்தான் இருக்கிறது. கால் இடறும்போதெல்லாம் மனைவி திட்டுகிறாள். எடுத்து வெளியே வைக்கப் போவேன். அவரையே வெளியே போகச் சொல்வது போலிருக்கும், திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன்.