பங்குக் கிணற்று மோட்டரை நிறுத்திய முகமறியாப் பகைவன்

வாழ்க ஜெயசுதன். உடுவிலூர் ஈன்ற உரவோன், செம்மண் நிலத்துக் கணினிச் சி மொழிச் சிங்கம், பங்குக் கிணற்றடியில் சிறு பெட்டியொன்றைப் பூட்டி, பாயிற் கிடந்தபடியே கைப்பேசியால் மோட்டரை இயக்கும் நிரல் யாத்த நெடுந்தகை, அவன் நீடு வாழ்க. அவனது வெங்காயந்தான் வாடிக்கொண்டிருந்தது.

அன்று காலை, தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் பாத்தியை எட்டும் போதெல்லாம், முகமறியாப் பகைவன் ஒருவன் வலைவழி புகுந்து, 'நிறுத்து' என்ற ஒற்றைச் சொல்லால் மோட்டரின் மூச்சை அடக்கினான். வாசற் படலைக்கு வந்தவரை 'எவடம், ஆற்றை பிள்ளை' என்று கேட்டே ஏழு தலைமுறையை அறிந்துவிடும் ஊரிலே பிறந்தவனுக்கு, தன் நிரலுக்குள் வந்துபோகிறவன் யாரென்று தெரியவில்லை. வெட்கக்கேடுதான்.

"சொக்கெற்று என்னும் வலை இணைப்பின் மறுமுனை முகவரியை அறியாமல் இனிச் சோறு உண்ணேன்" என வஞ்சினம் கூறி, காதிலே பாட்டைச் செருகிக்கொண்டு, மறுமுனை யாரெனக் கேட்கும் கெட்பியர்நேம் என்னும் கணையைத் தொடுத்தான் வீரன். 'இணைப்பே இல்லை' என்று அது திரும்பி வந்தது. மீண்டும் தொடுத்தான், மீண்டும் வந்தது. வெங்காயத்தாள் நுனி மஞ்சளிக்க, அவன் நிரலை வரிவரியாக மறுபடி படித்தான். ஈற்றிற்றான் கண்டான்: அவன் கேட்டது உள்ளே வந்தவனை அல்ல, வருவோருக்காகக் காத்திருக்கும் வாசற் சொக்கெற்றை. படலையைப் பிடித்து 'நீ ஆர்' என்று கேட்டால் படலை என்ன சொல்லும்.

வந்தவனுக்கென்று திறந்த சொக்கெற்றை நோக்கிக் கணையைத் திருப்பினான். மோட்டர் மறுபடி நின்ற அக்கணமே, முரசதிர, சங்கு முழங்க, திரையில் எழுந்தது முகவரி. சீனமோ, உருசியப் பெருவெளியோ என்று விழித்தவன், அது தன் வீட்டு வைஃபைக்குள் இருக்கும் முகவரி எனக் கண்டு திகைத்தான். ரவுட்டரில் இணைந்தோர் பட்டியலைத் திறந்து பார்த்தான். அது பெரியப்பாவின் மகள், கிணற்றின் மற்றப் பங்குக்காரி, அடுத்த வளவு றஜனி அக்காவின் போன். நேற்றுப் பின்னேரம் வைஃபையும் செயலியும் அதில் போட்டுக் கொடுத்தவன் அவனேதான்.

பாட்டைப் பிடுங்கியெறிந்து வேலிக்குப் பாய்ந்தான்.

"அக்கா, நீங்களே நிப்பாட்டுறது?"

"ஓம், நான்தான். வேலியிலை நிண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான், உனக்குக் காது கேட்டாத்தானே. இண்டைக்கு எங்கடை முறையெல்லே, தம்பி. நேற்று உன்ரை முறை. நீ இறைக்காமல் உந்தப் பெட்டியோடை நிண்டனீ."

ஜெயசுதன் போய் வாய்க்காலை அவள் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டான்.