நூறு சதவீத ஞாயிறு

திருச்சபைகள் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, சபையில் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய விசுவாசி வேறொருத்தி இருந்ததில்லை. சபையார் அவளை ‘ஸ்லைடு சிஸ்டர்’ என்று அழைத்தார்கள். ஆராதனை மண்டபத்தின் கடைசியில், இடுப்பளவு பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஒரு மடிக்கணினியின் முன் அவள் இருப்பாள். பாட்டின் வரிகளைத் திரையில் காட்டுவது அவள் ஊழியம். ஆறு வருடங்களில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. அதே ஆறு வருடங்களில் ஒரு பாட்டுகூடப் பாடியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவள் அர்ப்பணிப்பின் அளவு விளங்கும்.

பாடினால் விரல் பிந்திவிடும். சபை ஒரு வரியை முடிக்கும் முன்பே அடுத்த வரிக்கான அம்புக்குறியை அழுத்தியாக வேண்டும். சபை இரக்கம் கேட்கும்போது அவள் நன்றி சொல்லப் போய்விடுவாள். சபை நன்றி சொல்லும்போது அவள் அறிவிப்புகளில் இருப்பாள். ஜெபத்தில் கண் மூடவும் வழியில்லை. ஆமென் விழுந்த மறுநொடி வசனம் திரையில் ஏற வேண்டும். பாஸ்டரின் ஆமென் எப்போது வரும் என்பது கர்த்தருக்கு மட்டுமே தெரியும்.

இந்தத் தியாகத்துக்கு ஆழ்ந்த ஆவிக்குரிய காரணம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆராதனையிலும் பாஸ்டர், “பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை குடுத்து, எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க” என்பார். கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள். அதற்கு இவளும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் யாருடைய கையும் எட்டாது. ஒரு மனுஷி கர்த்தருக்காக எவ்வளவு தூரம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு அவள் உயிருள்ள சாட்சியாக விளங்கினாள்.

வாரநாட்களில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தாவரவியல் பட்டதாரி. விதைகளை ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, முளைப்புப் பெட்டியில் வைப்பாள். சில நாள் கழித்துப் பிரித்து, எது வேர் விட்டது, எது விடவில்லை என்று பார்ப்பாள். பூஞ்சணம் பிடித்த விதையை இடுக்கியால் உடனே அகற்றிவிடுவாள். விட்டுவைத்தால் மறுநாளே பக்கத்து விதையிலும் ஏறிவிடும். சில விதைகள் எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தாலும் ஒரு சொட்டும் உறிஞ்சாமல் கல் போல இருக்கும். அவற்றுக்குக் ‘கடின விதை’ என்று பெயர். அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் ஏனோ அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும். உடனே அடுத்த தாளைப் பிரித்துவிடுவாள்.

இப்படிப்பட்ட சபையில்தான் ‘வேரூன்றல் குழு’ பிறந்தது. தலைவர், தொழிற்சாலைக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்டாக் அங்கிள். கிடங்கில் எந்தச் சரக்கும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதை அவர் ஆத்துமாக்களுக்கும் விரிவுபடுத்தினார்.

“சும்மா உக்காந்து பாடுறவன் எப்ப வேணா எழுந்து போயிடுவான் பாஸ்டர். கையில ஒரு பொறுப்பைக் குடுங்க. அப்புறம் எங்க போவான்?”

குழுக் கூட்டத்தில் பொறுப்புகள் பங்கிடப்பட்டன.

“கதவு திறக்கிற ஊழியம்?”

“எலெக்ட்ரீஷியன் பிரதர்.”

“மூடுறது?”

“அவரே மூடிருவாரே அங்கிள்.”

“ஒருத்தர் தலையில ரெண்டு பாரமா? மூடுறதுக்கு அவர் வீட்டம்மாவைப் போடுங்க.”

“அவங்க நாற்காலி நேராக்குற துறையில இருக்காங்க.”

பாஸ்டர் தயக்கத்தோடு குறுக்கிட்டார். “எல்லாரும் ஊழியத்துல இருந்தா நாற்காலியில யார் உக்காருவாங்க? யாரும் உக்காராத நாற்காலி எப்படிக் கோணலாகும்?”

“ஒண்ணுகூட கோணலாகாது பாஸ்டர். அந்தத் துறையோட வெற்றியே அதுதானே!” ஸ்டாக் அங்கிள் பெருமையாகத் திரும்பினார். “நம்ம ஸ்லைடு சிஸ்டரைப் பாருங்க. ஆறு வருஷம்! இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்காளா?”

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு ‘நூறு சதவீத ஞாயிறு’ என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று பொறுப்பில்லாத விசுவாசி ஒருவர்கூட இருக்கக் கூடாது.

அந்த வாரம் ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் பலகைத் தடுப்பருகே வந்து நின்றாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள், ஊருக்குப் புதிது.

“தப்பா நினைக்காதீங்க. கீழ் வரி எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு.”

“பெரிசாக்கிடறேன்.” பேச்சு இதோடு முடிந்துவிட வேண்டும் என்று அவள் மனதுக்குள் ஜெபித்தாள். ஆறு வருடத்தில் அந்த மண்டபத்தில் அவள் செய்த முதல் ஜெபம்.

கேட்கப்படவில்லை. கண்ணாடிக்காரி தடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியுது. அம்மாவுக்குத்தான் தெரியாது. எங்க பழைய சபையில ஒவ்வொரு வரியா அவங்க காதுல சொல்லுவேன், அவங்க பாடுவாங்க. அப்படியே எனக்கும் பாட வந்திரும். இப்ப அவங்க இல்ல. ரெண்டு மாசமாச்சு.” சிரிக்க முயன்றாள். “தனியா வாயைத் திறந்தா சத்தமே வரமாட்டேங்குது. பக்கத்துல ஒரு குரல் இருந்தாப் போதும். நீங்க எப்பவும் இங்கதான் உக்காருவீங்களா?”

ஸ்லைடு சிஸ்டரின் மனம் நிஜமாகவே இளகியது. இளகிய மனம் வாய் வழியே இப்படி வந்தது: “அடுத்த வாரம் கண்டிப்பா உங்ககூட உக்காரறேன்.”

சொன்னதும் பேச்சு முடிந்தது. என்ன அற்புதமான வாக்கியம்! கேட்டவள் முகம் மலர்ந்து போய்விட்டாள். சொன்னவள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அடுத்த வாரமும் அதே வாக்கியம் அதே பலனைத் தந்தது.

வீட்டில் அம்மா மட்டும் விடவில்லை. சபையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் துறை அம்மாவுடையது.

“அந்தப் பொண்ணுகிட்ட உக்காரறேன்னு சொன்னியாமே. ஏன் உக்காரல?”

“ஸ்லைடு யாரும்மா போடுவா?”

“ஒரு பட்டனை அமுக்கத் தெரியாத ஆள் ஊர்ல யாருடி இருக்கா?”

“அரை வரி முன்னாடி அமுக்கணும்மா. அதுல நுணுக்கம் இருக்கு.”

“ஆமா, பெரிய நுணுக்கம். உங்கப்பாவும் இப்படித்தான், விருந்தாளி வந்தா மோட்டார் ரிப்பேருன்னு மாடிக்கு ஓடுவாரு.”

நூறு சதவீத ஞாயிறு வந்தது. கதவைத் திறப்பவர் திறந்தார், மூடுபவர் மூடினார். வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த வண்டிகளைவிட அவற்றை ஒழுங்குபடுத்தியவர்கள் அதிகம். தேநீர்த் துறை, குடைத் துறை, செருப்புத் துறை எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. பாடகர் குழு மேடை கொள்ளாமல் நிறைந்திருந்தது. நாற்காலிகள் கண்ணைப் பறிக்கும் நேர்த்தியில் வரிசையாக நின்றன.

அவற்றில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரி. பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

யாருக்காக என்பது ஸ்லைடு சிஸ்டருக்குத் தெரியும்.

துறைகளை இணைக்கும் ஹெட்செட்டில் ஸ்டாக் அங்கிளின் குரல் கரகரத்தது. “கேமரா! காலி நாற்காலியைக் காட்டாதே, நேரலையில அசிங்கமா இருக்கும். அந்தச் சிஸ்டர் முகத்தை மட்டும் க்ளோஸ்-அப்ல வை.”

முதல் பாட்டு தொடங்கியது. கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். இரண்டாம் சரணத்தில் கண்ணைத் துடைத்தாள்.

“அழுவுறாங்க! ஆவியோட அபிஷேகம்! விடாதே, விடாதே!”

பாட்டு முடிந்தது. பாஸ்டர், பழக்கதோஷத்தில், “பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கை குடுத்து, எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க” என்றார்.

கண்ணாடிக்காரி இடப்பக்கம் திரும்பினாள். நாற்காலி. வலப்பக்கம், கைப்பை. பிறகு மெல்லப் பின்னால் திரும்பி, வரிசை வரிசையான காலி நாற்காலிகளைத் தாண்டி, பலகைத் தடுப்பைப் பார்த்தாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்லைடு சிஸ்டர் எழுந்தாள். இது நிஜம். அவள் கால்களே அதை நம்பவில்லை. தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓரடி வைத்தாள். ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்க வேண்டும். அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் தெரிகிறதே. தெரிந்தும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார வேண்டும்.

“ஸ்லைடு! அடுத்த பாட்டு! திரை காலியா இருக்கு!”

அவள் விரைந்து திரும்பி உட்கார்ந்தாள். அவ்வளவு நன்றியோடு அவள் எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிந்ததில்லை. அம்புக்குறியை அழுத்தினாள். எழுத்துகள் பெரிதாக, தெளிவாக, கீழ் வரி வரை பிசகில்லாமல் திரையில் எழுந்தன. ஒரே குடும்பம் நாம் என்றது திரை.

ஆராதனைக்குப் பின் கூடிய குழு, எந்தத் துறையிலும் குறையில்லை என்று கண்டறிந்தது. ஒரே ஒரு களங்கம்: புதியவளுக்குப் பொறுப்பில்லை.

“அதான் அழுதிருக்கா பாவம்,” என்றார் ஸ்டாக் அங்கிள். “வாசல்ல வரவேற்புத் துறையில போடுங்க. சரியாயிடும்.”

சரியாகிவிட்டது. இரண்டே வாரம். மார்பில் பட்டை, காதில் ஹெட்செட், கையில் பூங்கொத்து. கண்ணாடிக்காரி இப்போது அழுவதில்லை; நேரமில்லை. பாடுவதுமில்லை. பலகைத் தடுப்பைக் கடக்கும்போது ஸ்லைடு சிஸ்டரைப் பார்த்து, ஒரு ஊழியக்காரி இன்னொரு ஊழியக்காரியைப் பார்ப்பதுபோல, அவசரமாகத் தலையசைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு பெரியவர் தனியாக வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல், கண்ணாடிக்காரி கொடுத்த பூங்கொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியாமல், வாசலிலேயே நின்றார்.

“எனக்கு இங்க யாரையும் தெரியாதும்மா. நீ கொஞ்ச நேரம் கூட உக்காருவியா?”

கண்ணாடிக்காரியின் பதில் ஹெட்செட்டில் துல்லியமாகக் கேட்டது. அதே இனிமை. அதே வேகம்.

“அடுத்த வாரம் கண்டிப்பா உங்ககூட உக்காரறேன் ஐயா.”

“கேட்டியா சிஸ்டர்?” ஸ்டாக் அங்கிளின் குரல் தழுதழுத்தது. “அப்படியே உன்னை மாதிரியே பேசுறா. நல்லா வேர் பிடிச்சிருச்சு!”

ஸ்லைடு சிஸ்டர் அம்புக்குறியில் விரலை வைத்தபடி இருந்தாள். விதைகளோடு பழகியவள். ஒரு விதையிலிருந்து பக்கத்து விதைக்கு இவ்வளவு சீக்கிரம் தொற்றுவது வேர் அல்ல என்று அவளுக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் அதை இடுக்கியால் எடுத்து வெளியே போடுவாள். இங்கே அதற்குத்தான் ஆறு வருடமாகக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.