ஐந்தருவி ரோட்டு மாடன்

நம்பிராஜன் வில்வண்டியை விட்டு இறங்கியபோது, அவருடைய புது வீட்டுக்கு முன்னால் உள்ளூர்க்காரன் பலவேசம் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்னலே செய்யுத?"

"மாடனுக்கு விடலை போடுதேன் அண்ணாச்சி. புதுச் சாமில்லா!"

"இது வீடுலே!"

பலவேசம் அண்ணாந்து பார்த்தான். "வீடுன்னா வாசல் எங்கன?"

வாசல் பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் சன்னல்கூடக் கிடையாது. வீட்டையே சிற்பமாகக் கட்டும் ஐரோப்பியர்களைப் பற்றி நம்பிராஜன் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தார். தாமே படம் வரைந்து, கொத்தனாரைக் கெஞ்சியும் மிரட்டியும், விழும்போதே உறைந்துபோன அருவி மாதிரி ஒரு வீட்டை எழுப்பினார். அடி அகன்று, மேலே போகப்போகக் குறுகி, வெள்ளை வெளேரென்று நின்றது. ஐரோப்பாவில் அது சிற்பமாக இருக்கலாம். குற்றாலத்தில் முகமும் இல்லாமல் உருவமும் இல்லாமல் அப்படி நிற்பது சுடலைமாடன் பீடம் ஒன்றுதான்.

வீடு கட்டியது உலகம்மைக்காக. கல்யாணமான நாள்முதல், தென்காசி வீட்டில் அவர் மனைவி பேசியதெல்லாம் "சாப்பிட வாங்க", "உங்க இஷ்டம்" என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். இப்படியொரு வீட்டில் குடியேறினால் அவள் வாய் திறந்து ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? படத்தைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "உங்க இஷ்டம்" என்றாள். அந்தப் பார்வையை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார். தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோக நாளும் குறித்தாயிற்று.

வாசல்தானே குறை? முன்சுவரை இடித்து வாசல் வைத்தார். மறுநாள் கூட்டம் இரட்டித்தது.

"சாமி நடை திறந்துட்டாருடோய்!"

'யாரும் உள்ளே வரக் கூடாது' என்று பலகை எழுதி மாட்டினார். பலவேசம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"ரொம்பத் துடியான சாமி. செருப்பைக் கழத்துங்கலே!"

கடைசியில் நம்பிராஜனே வாசலில் நின்று, மேல்துண்டைச் சுழற்றித் தொண்டை கிழியக் கத்தினார். "போங்கலே! எல்லாரும் போங்கலே!" ஆத்திரத்தில் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. கூட்டம் கைகூப்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். மாரித்தாய் என்பவள் ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"எருமையைக் காணோம் சாமி. எங்கன நிக்குன்னு சொல்லும்."

"ஆத்துல போய்ப் பாரு, போ!"

எருமை ஆற்றில்தான் கிடந்தது. வேறெங்கே கிடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் வீரகேரளம்புதூரிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. அவர் கோபப்பட்டால் அருள் வந்துவிட்டது என்றார்கள். பேசாமல் உட்கார்ந்தால் சாமி யோசிக்கிறது என்றார்கள். பால் காய்ச்சக் குறித்த நாளிலேயே மாடனுக்குக் கொடை விழா நடத்துவது என்றும், நம்பிராஜனே சாமியாட வேண்டும் என்றும் ஊர் கூடி முடிவு செய்தது.

இடிந்துபோய்த் தென்காசிக்குப் போனார். "உலகம்மை, நாம எப்படி அங்கன குடிபோறது?"

"சாமி இருக்கிற இடத்துல மனுஷங்க குடும்பம் நடத்தலாமா? குத்தம் வந்துராதா?" என்றாள்.

அவரிடம் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். வீடு போனாலும் அது ஓர் ஆறுதல்.

கொடை அன்று, மேளம் முழங்க, கழுத்தில் மாலையும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் தாம் வரைந்த வீட்டின் வாசலில் நின்றார். தென்காசியிலிருந்து அவருடைய வில்வண்டி வந்தது. உள்ளே உலகம்மை இல்லை. வண்டிக்காரன் நல்லக்கண்ணு ஒரு கருங்கெடாவை இறக்கினான்.

"யாரு குடுத்துவிட்டது?"

"வீட்டம்மாதான்."

நம்பிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் வீணாகவில்லை. அவள் மனசிலும் இந்த வீட்டுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

"ஏதாவது சொன்னாளாலே?"

நல்லக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு கும்பிட்டான்.

"நேர்ச்சைக் கெடா சாமி. 'அந்த வீட்டுல குடியேறாம என்னைய நீதான் காப்பாத்தணும், மாடா'ன்னு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைக்கே நேர்ந்துக்கிட்டாவளாம்."