ஐம்பத்து நாலே முக்கால் டிகிரி

அச்சன்புதூர் சம்பந்தி நல்லகண்ணு அண்ணாச்சி சமூகத்துக்கு, மேலகரம் சுடலைமணி கும்பிட்டு எழுதுவது. இங்கு யாவரும் சுகம். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, என் பழக்கடையில் ரம்புட்டானும் சுமாராகப் போகிறது. அங்கு மதினியும் மாப்பிள்ளை பாண்டிராஜும் சுகமாக இருக்கக் குற்றாலநாதர் துணை. போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் தாங்கள் வைத்துவிடுவதால் கடிதம் போடுகிறேன்.

நிச்சயதார்த்தத்தை ஏன் மறுபடியும் தள்ளுகிறோம் என்று கேட்டீர்கள். பெங்களூரில் என் மகள் அபர்ணா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஆளை விடப் பெரிய காந்தம் ஒன்று இருக்கிறது. பேனா மூடி அளவு குழாயில் பொடியை அடைத்து, அதற்குள் வைத்து, விநாடிக்குப் பல ஆயிரம் தடவை சுற்றவிட்டு, பொடியில் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். குழாய் நிமிர்ந்தும் நிற்கக் கூடாது, படுக்கவும் கூடாது. ஐம்பத்து நாலே முக்கால் டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் திரையில் கோடெல்லாம் பரந்துபோகுமாம். அதைச் சரிபார்க்க, உப்பு மாதிரி ஒரு பொடியைச் சுற்றவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு திருகைத் திருக வேண்டும். சித்திரையிலிருந்து திருகுகிறாள். "எப்பா, கோணம் இன்னும் நிக்க மாட்டேங்கு, நிச்சயத்தைத் தள்ளிப் போடுங்க" என்கிறாள். "எந்த ஊர்லயாவது பொடியச் சுத்தவிட்டுக் கல்யாணத்த நிப்பாட்டுவாவளா?" என்று என் வீட்டுக்காரி சங்கரேஸ்வரி என்னிடம் கத்துகிறாள்.

மிஷினுக்குக் கண்ணேறு பட்டிருக்கும் என்று நானே பஸ் ஏறினேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், அதை வெட்டக் கடையில் அன்னாசி வெட்டும் கத்தி. வாசலில் இரும்பு கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தது, படித்தேன். ஆனால் கத்தியை இத்தனை காலமும் கத்தி என்றுதான் நினைத்திருக்கிறேன், இரும்பு என்று நினைத்ததில்லை அண்ணாச்சி. பொட்டு வைக்கக் கிட்டே போனதும் மஞ்சள் பையோடு கத்தி பறந்துபோய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. "எப்பா, இங்கன வந்து என்ன காரியம் பண்ணிட்டிய!" என்று அபர்ணா தலையில் கை வைத்தாள். கூட வேலை பார்க்கும் ரூபி மட்டும் சிரித்தாள். கத்தியை ஆள் சேர்ந்து இழுத்து எடுத்த ஆட்டத்தில் கோணம் நகர்ந்துவிட்டது என்றார்கள்.

ஆகவே குற்றம் என்னுடையது. பிள்ளையைக் குறை சொல்லாமல் தை வரை பொறுக்க வேண்டும். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் எனக்குத் தாங்காது. பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. இத்துடன் ஒரு பை ரம்புட்டான் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி சுடலைமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ரூபிக்குப் போன் போட்டுக் கத்தி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கோணம் சரியாக இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்றேன். "மாசமா? அன்னைக்கு நீங்க ஊருக்குத் திரும்பி பஸ் ஏறுததுக்குள்ளயே அபர்ணா சரி பண்ணிட்டாளே மாமா. டீ குடிக்கிற நேரத்து வேலை" என்றாள். அபர்ணாவைக் கூப்பிட்டேன். ரூபி சொன்னதைச் சொன்னேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்றாள். தம்பி பாண்டிராஜுக்கு வேறு நல்ல இடமாகப் பாருங்கள் அண்ணாச்சி, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லப் பயந்து, பிள்ளை அத்தனை பெரிய காந்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். எனக்கு அதுதான் வருத்தம். ரம்புட்டானைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.