மாறனுக்கு எத்தனை மாசம்?

வயிற்றில் கரு தங்கியதா என்று பார்க்க ஸ்கேன் எதற்கு, இரத்தப் பரிசோதனை எதற்கு? நாக்கு போதும் என்றார் கருநீறு சாமியார். போதும், போதும் என்று கூட்டம் கூடிவிட்டது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வாடகை வீடு. காலை ஆறு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். சாமியார் முன்னால் இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள். இரண்டிலும் வெள்ளைப் பொடி. அதற்குப் பெயர்தான் கருநீறு. பெண் நாக்கை நீட்ட வேண்டும். சாமியார் ஒரு சிட்டிகை வைப்பார். இனித்தால் கரு தங்கிவிட்டது. கசந்தால் கருவுக்குக் கோபம். நாற்பத்தெட்டு நாள் பரிகார பூஜை. பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இனித்தது. காரில் வந்தவர்களுக்குக் கசந்தது. வசதி பார்த்துக் கோபப்படும் கரு!

ஆண்கள் மட்டும் பொடியைத் தொடக் கூடாது. ஆண் நாக்குக்கு ருசி தெரியாது. மீறினால் வம்சம் அற்றுப்போகும். ஆகவே எந்த ஆணும் ருசி பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூர் ஆதிலட்சுமி வாடகைக் காரில் வந்தாள். கசந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்துப் பத்து நாள். அது தங்குவதற்கான மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

"மாத்திரை கருவுக்கு விஷம். யாக அக்னியில போட்டுடு" என்றார் சாமியார்.

மாமனார் அப்பாசாமி மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். முளைப்புச் சோதிக்காமல் ஒரு விதையை மண்ணில் போட மாட்டார். மருமகள் விஷயத்தில் மட்டும் சோதனை கிடையாது.

ஆதிலட்சுமி அழுதபடி போன் செய்தது கவியாவுக்கு. அந்தக் கருவை ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஐந்து நாள் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். யாகம் மூட்டுவதற்குள் ஸ்கூட்டரில் வந்து நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. சாமி, ஆம்பள நாக்குக்கு ருசி தெரியாதுன்னீங்களாமே. ஒருத்தருக்கு வெச்சுக் காட்டுங்க."

"வம்சம் அழிஞ்சிடும்மா."

வரிசையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். டீ கொண்டுவந்த எதிர்க்கடை மாறன் மட்டும் தட்டைக் கீழே வைத்தான்.

"எனக்கு வைங்க சாமி. நாப்பத்தி மூணு வயசாவுது, இன்னும் பொண்ணே கெடைக்கல. வம்சம் எங்கேர்ந்து அழியப் போவுது?"

சாமியார் கிண்ணத்தை மூடுமுன் மாறன் விரல் உள்ளே போய் வாய்க்கு வந்துவிட்டது.

"இனிக்குதுங்க."

"எத்தன மாசம் மாறா?" என்றது வரிசையில் ஒரு குரல்.

அடுத்த கிண்ணத்திலும் விரலை விட்டான். முகம் கோணியது. "அட, இது காய்ச்சல் மாத்திர. போன மாசம் முழுங்கத் தெரியாம மென்னு தொலச்சேன். நாக்கு மறக்குமா?"

மாத்திரை விஷம் என்ற சாமியார் ஊட்டியதே மாத்திரைத் தூள்!

"அப்ப இனிக்கிறது என்னா?" அப்பாசாமி கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி.

மாறன் கடைக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். "சாமி வூட்டுப் பின்னால கெடந்துச்சு. நா சக்கர போட்டு வெச்சிருக்கேன்."

கவியா லேபிளைப் படித்தாள். "இனோசிட்டால். சக்கர மாதிரி இனிக்கிற ஒரு சத்து. மருந்துக் கடைல கெடைக்கும். கரு மொத சில நாள்ல சுத்தியிருக்கிற நீர்லேர்ந்து இத உறிஞ்சிக்கும். செல்லுக்குள்ள தகவல் போக இது ஒதவுது. நம்ம ஒடம்பே இதத் தயார் பண்ணிக்குது. மல்லாட்டையிலகூட இருக்குது."

"என் கொல்லையில வெளையறதக் காட்டியா ஊர ஏமாத்துனான்?"

"இதத் தின்னா கரு தங்கிடும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாதுங்க. தங்குச்சான்னு நாக்கு சொல்லாது. வெள்ளிக்கிழம ரத்தம் எடுத்தா தெரியும்."

"அருள் இருக்கிறவன் நாக்குல எதுவும் இனிக்கும்" என்று சாமியார் ஆரம்பித்தார்.

"அப்ப மாறனுக்குப் பிரசவம் பாக்க நீங்களே வருவீங்களா சாமி?" என்றது அதே வரிசைக் குரல்.

சாமியார் பின்வாசலைத் தேடினார். அங்கே காலி டப்பாக்கள் வழி மறித்தன.

அப்பாசாமி கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "மணி என்னாம்மா?"

"பன்னெண்டு ஆவப்போவுது மாமா."

"போட்டுக்கமா. வேள தவறிடப் போவுது."

மாறன் தண்ணீர் கொடுத்தான். ஆதிலட்சுமி மாத்திரையை விழுங்கினாள்.

அந்த வீட்டில் அதுவரை ஆயிரம் பேர் நாக்கை நீட்டியிருப்பார்கள். ஒருவராவது அதே நாக்கை அசைத்து "ஏன்?" என்று கேட்டிருந்தால், பாவம், மாறன் கர்ப்பமாகியிருக்க வேண்டாம்.